வட்டு ஏன் மெதுவானது?



நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் பல இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. லாபு, நீலாய், ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. வேறு சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழும்பிவிட்டன. லயங்கள் இடிந்தபோது அவற்றோடு சேர்ந்து பல தாள்களும் காணாமற் போயின. செக்ரோல் புத்தகங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், ஆயக்கொட்டகைப் பேரேடுகள், கோயில் திருவிழாக் கணக்குகள் ஆகியவை அவற்றுள் சில.

இந்தப் பழைய தாள்களுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். 2011-ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த மைடஃப்தார் இயக்கத்தை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்கள் அப்போது தங்கள் நிலையைப் பதிவு செய்யப் போனார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு, எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு சேர்ந்தார் என்று காட்டும் ஒரு பழைய பக்கம் பொன்னுக்குச் சமம்.

ஆகவேதான் பள்ளிகளிலும் சங்கங்களிலும் ஆர்வமுள்ளவர்கள் எஞ்சியிருக்கும் பதிவேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கிறார்கள். பாராட்டத்தக்க பணி இது. ஆனால் கணினியில் சேமித்ததோடு வேலை முடிந்துவிடாது. வன்தட்டு என்பது சுழலும் இயந்திரம். என்றாவது ஒரு நாள் அது நின்றுவிடும். எனவே இன்னொரு வன்தட்டில் நகல் இருந்தாக வேண்டும். அந்த நகலெடுக்கும் வேலை திடீரென்று மெதுவானால் என்ன காரணம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டப் பள்ளியின் பதிவேடுகள் 30,000 பக்கம் என்றும், பக்கம் ஒன்றுக்கு 2 மெகாபைட் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 மெகாபைட். நல்ல நிலையில் உள்ள வன்தட்டு நொடிக்கு 100 மெகாபைட் கொடுத்தால் 600 நொடியில், அதாவது பத்தே நிமிடத்தில், வேலை முடியும். தேநீர் குடித்து முடிப்பதற்குள் நகல் தயார். அதே வன்தட்டு நொடிக்கு 4 மெகாபைட்டாக இறங்கிவிட்டால் 15,000 நொடி ஆகும். அது நான்கு மணி நேரத்துக்கும் மேல். பத்து நிமிட வேலையை வாரந்தோறும் செய்வார்கள். நான்கு மணி நேர வேலையை மாதம் ஒரு முறை செய்வார்கள். பிறகு அதையும் விட்டுவிடுவார்கள். நகலெடுப்பதை விட்ட பிறகு வன்தட்டு நின்றால் போனது போனதுதான். வேகக் குறைவை வெறும் எரிச்சல் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது கணினிக்குள் நடப்பதைப் பார்ப்போம். தோட்டத்துப் பால் ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டு முடிந்து வாளி வாளியாகப் பால் வந்து சேருகிறது. அங்கே கணக்கு எழுதும் கிராணி ஒருவர் இருக்கிறார். பாலை இரண்டு விதமாகத் தொட்டியில் சேர்க்கலாம். ஒரு முறையில் கிராணியே பேனாவை வைத்துவிட்டு எழுந்து, ஒவ்வொரு வாளியையும் தம் கையால் தூக்கி ஊற்றிவிட்டு, திரும்பி வந்து கணக்கு எழுதுகிறார். மற்றொரு முறையில், "இத்தனை வாளி, இந்தத் தொட்டி" என்று மட்டும் அவர் சொல்லிவிடுகிறார். ஆட்கள் நேராகத் தொட்டியில் ஊற்றிவிட்டு, முடிந்ததும் வந்து சொல்கிறார்கள். அவர் அதுவரை தம் மற்ற வேலையைப் பார்க்கிறார்.

கணினியின் மையச் செயலிதான் அந்தக் கிராணி. முதல் முறைக்குப் பி.ஐ.ஓ. என்று பெயர். இரண்டாவது முறைக்கு டி.எம்.ஏ., அதாவது நேரடி நினைவக அணுகல், என்று பெயர். பழைய அகலநாடாக் கேபிள் வன்தட்டுகளில் பி.ஐ.ஓ. முறையின் உச்ச வேகம் ஏட்டளவில் நொடிக்கு 16.6 மெகாபைட். நடைமுறையில் அதையும் எட்டாது. டி.எம்.ஏ. முறையில் அதே வகை வன்தட்டுகளுக்கு 100 மெகாபைட், 133 மெகாபைட் என்ற பாதைகள் இருந்தன.

வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் நடுவே நிற்கும் மின்னணுச் சில்லைக் கண்ட்ரோலர் என்கிறோம். அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த சிறிய நிரலுக்கு டிரைவர் என்று பெயர். தமிழில் இயக்கி எனலாம். எந்த முறையில், எந்த வேகத்தில் தரவு போக வேண்டும் என்று முடிவு செய்வதில் இந்த இயக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. வன்தட்டு நலமாக இருந்தும், இயக்கி தவறாக முடிவு செய்தால் வேகம் படுத்துவிடும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி மென்பொருளில் வன்தட்டுகளுக்கான இயக்கி ஒரு விதியைப் பின்பற்றியது. கேபிள் வழியே வரும் ஒவ்வொரு தரவுக் கட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். வாளியோடு நிறைச் சீட்டு வருவது போன்றது அது. சீட்டும் நிறையும் ஒத்துப் போகாவிட்டால், அல்லது பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டால், அதை ஒரு பிழை என்று இயக்கி குறித்துக்கொள்ளும். இப்படி மொத்தம் ஆறு பிழைகள் சேர்ந்தால், "இந்தப் பாதை நம்பத்தக்கதல்ல" என்று வேகத்தை ஒரு படி குறைக்கும். பிழைகள் தொடர்ந்தால் மேலும் மேலும் குறைத்து, இறுதியில் பி.ஐ.ஓ. முறைக்கே தள்ளிவிடும்.

விதி நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். கேபிள் பழுதாக இருக்கும்போது வேகமாக ஓட்டினால் தரவு கெடும். மெதுவாக ஓட்டினாலாவது பிழைக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை அழிக்கப்படாமல் கூடிக்கொண்டே போனது. இரண்டு பிழைகளுக்கு நடுவே இலட்சம் முறை சரியாக நடந்திருந்தாலும் அது கணக்கில் வரவில்லை. ஒரு பிள்ளை ஆறாண்டுப் படிப்பில் ஆண்டுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது தாமதத்தோடு அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, பிறகு முன்னே வரவே விடாததற்கு ஒப்பானது இது. கணினியைத் தூங்க வைத்து எழுப்பும்போது ஏற்படும் சிறு தாமதங்கள்கூட இப்படிச் சேர்ந்துவிடும். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, சரியாக ஒரு பரிமாற்றம் நடந்தால் எண்ணிக்கையை அழித்துவிடும் மாற்று ஏற்பாட்டைக் கொடுத்தது. டிவைஸ் மேனேஜர் என்னும் சாதன மேலாளரில் அந்த வன்தட்டுப் பாதையின் பதிவை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், அது புதிதாக அடையாளம் காணப்பட்டுப் பழைய வேகம் திரும்பியது. எக்ஸ்பி மென்பொருளுக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்துவிட்டாலும், இந்தப் பாடம் முடியவில்லை. லினக்ஸ் மென்பொருளின் இயக்கியும் பிழைகள் மிகும்போது இணைப்பு வேகத்தைக் குறைத்து, அதைப் பதிவுக் குறிப்பில் எழுதி வைக்கிறது.

மற்றொரு வகை வேகக் குறைவு புதுப்பிப்பினால் வருவது. நேற்றுவரை நன்றாக ஓடியது. இயக்கியின் புதிய பதிப்பை ஏற்றியதும் மெதுவானது. முன்பு சரியாக இருந்தது பின்பு கெடுவதால் இதைப் பின்னடைவு என்கிறார்கள். சில சமயம் அது பிழையாகவும் இருக்காது, கொள்கை மாற்றமாக இருக்கும். 2018-இல் வந்த விண்டோஸ் 10 மென்பொருளின் 1809 என்ற பதிப்பிலிருந்து, வெளியே செருகும் வன்தட்டுகளுக்கு 'விரைவாகக் கழற்றலாம்' என்ற ஏற்பாடே இயல்பாக அமைக்கப்பட்டது. அதற்கு முன் 'கூடுதல் வேகம்' என்பதே இயல்பாக இருந்தது. புதிய ஏற்பாட்டில், எழுத வேண்டியதை விண்டோஸ் நினைவகத்தில் தேக்கி வைப்பதில்லை. திடீரென்று பிடுங்கினாலும் தரவு இழப்புக் குறையும். ஆனால் எழுதும் வேகமும் குறையலாம். இங்கே வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒரு பேரம் நடந்திருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால், பாதுகாப்பாகக் கழற்றும் கட்டளையைக் கொடுக்காமல் கேபிளில் கை வைக்கக் கூடாது.

இனி, வன்தட்டு மெதுவானால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் தாளும் பென்சிலும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சோதனைக்கு முன் காப்பாற்றுதல். மெதுவாவது சாகப்போகும் வன்தட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே மறுபடி கிடைக்காத கோப்புகளை, எவ்வளவு மெதுவாக இருந்தாலும், முதலில் வேறோரிடத்துக்கு நகலெடுங்கள். டிக் டிக் என்ற ஓசை கேட்டால் சோதனை எதுவும் செய்யாமல் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

இரண்டாவது, அளத்தல். "முன்னைவிட மெதுவாக இருக்கிறது" என்பது குறை. "நொடிக்கு 4 மெகாபைட்" என்பது தகவல். ஒரே ஒரு பெரிய கோப்பை எடுத்து, நகலெடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோப்பாக இருக்கட்டும். ஆயிரம் சிறிய கோப்புகள் ஒரு பெரிய கோப்பைவிட எப்போதும் மெதுவாகவே போகும். இன்னொரு எச்சரிக்கை. ஒரு கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது அது வன்தட்டிலிருந்து வராமல் கணினியின் நினைவகத்திலிருந்தே வரக்கூடும். அந்த வேகம் பொய் வேகம். ஆகையால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாவது, வேகத்தின் போக்கைக் கவனித்தல். தொடக்கத்தில் வேகமாகப் போய்ப் பின்பு தளர்ந்தால், வன்தட்டின் உள்ளே இருக்கும் தற்காலிகத் தேக்கம் நிறைந்திருக்கலாம். சில நிமிடம் ஓடி, முற்றிலும் நின்று, மறுபடி ஓடினால், படிக்க முடியாத இடத்தை வன்தட்டு திரும்பத் திரும்ப முயன்று பார்ப்பதாக இருக்கலாம். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே சீராக மெதுவாக இருந்தால், பாதையின் முறையையோ இயக்கியையோ சந்தேகிக்கலாம்.

நான்காவது, வன்தட்டின் உடல்நிலைக் குறிப்பைப் படித்தல். ஸ்மார்ட் என்ற பெயரில் வன்தட்டே தன் குறைகளைக் குறித்து வைக்கிறது. அவற்றைக் காட்டும் இலவச நிரல்கள் உண்டு. அதில் 5, 197 என்ற எண்களுக்கு எதிரே உள்ள கணக்கு ஏறினால், வட்டின் பரப்பே கெட்டு வருகிறது என்று பொருள். 199 என்ற எண்ணுக்கு எதிரே ஏறினால், பாதையில் தரவு கெடுகிறது; பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. இந்த 199 கேபிளை மாற்றினாலும் குறையாது. பழைய கடனைப் போல ஏட்டில் நின்றுகொண்டே இருக்கும். மேலும் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்த்தல். பழைய அகலநாடாக் கேபிளில் 40 கம்பிகள் கொண்டது 33 மெகாபைட் வேகத்துக்குத்தான் ஏற்றது. அதற்கு மேல் 80 கம்பிகள் கொண்டது வேண்டும். சாட்டா இணைப்புகளில் 1.5, 3, 6 கிகாபிட் என்று மூன்று வேகங்கள் உண்டு. அவை முறையே நொடிக்கு 150, 300, 600 மெகாபைட் ஆகும். யு.எஸ்.பி. வழியே செருகும் வன்தட்டானால், நீல நிறத் துளையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் நீலம் வேகத் துளையைக் குறிக்கும். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் நடைமுறையில் 30, 40 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வேகத் துளையிலேயே முழுதும் செருகாமல் விட்டாலும் இணைப்பு பழைய வேகத்துக்கு இறங்கக்கூடும்.

ஆறாவது, அதே வன்தட்டை வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தல். அங்கே வேகமாக ஓடினால் வன்தட்டின் மீது குற்றமில்லை. அங்கேயும் மெதுவாக ஓடினால் கணினியின் மீது பழி போடாதீர்கள்.

ஏழாவதுதான் இயக்கி. சாதன மேலாளரில் கண்ட்ரோலரின் பண்புகளைத் திறந்தால், இயக்கியின் பதிப்பும் தேதியும் தெரியும். அந்தப் பக்கத்தில் முந்தைய இயக்கிக்குத் திரும்பும் பொத்தானும் உண்டு. முந்தையது சேமிக்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். பழைய இயக்கிக்குத் திரும்பி, அதே கோப்பால் அளந்து பாருங்கள். வேகம் திரும்பினால் உடனே வெற்றி முழக்கம் இடவேண்டாம். புதிய இயக்கியை மறுபடி ஏற்றி இன்னொரு முறை அளங்கள். மறுபடியும் மெதுவானால்தான் குற்றம் உறுதியாகிறது. முதல் முறை வேகம் திரும்பியதற்கு, மறுதொடக்கமோ சரியாகச் செருகிய கேபிளோகூடக் காரணமாக இருக்கலாம் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. கணினியின் அடிப்படை அமைப்பில், அதாவது பயாஸில், ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என்று கண்ட்ரோலர் முறைகள் இருக்கும். வேகம் கூடும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக அதை மாற்றிவிடாதீர்கள். முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம். ரெய்டு முறையில் உள்ள கணினியில், விவரம் தெரிந்தவர் உடனில்லாமல் கை வைக்கவே வேண்டாம்.

இந்த ஏழு படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிளையும் இயக்கியையும் ஒரே மாலையில் மாற்றி, வேகம் திரும்பினால், எது நோய் என்று தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே நோய் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இயக்கியை எழுதுகிறவர்களும் இதே பொறுமையோடுதான் வேலை செய்கிறார்கள். லினக்ஸ் மென்பொருளின் ஒரு பெரிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் நுழைவது வழக்கம். அவற்றில் எந்த ஒன்று வன்தட்டை மெதுவாக்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தோட்டத்தில் மலை மேலிருந்து லயத்துக்கு வரும் நீண்ட குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஒவ்வோர் இணைப்பாகத் திறந்து பார்ப்பதில்லை. நடுவில் திறந்து பார்ப்போம். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு கீழே, இல்லாவிட்டால் மேலே. மீதிப் பாதியின் நடுவில் மறுபடி பார்ப்போம். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் என்ற கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், 16,000 மாற்றங்களில் குற்றவாளியைப் பதினான்கே சோதனைகளில் பிடித்துவிடலாம். பயனருக்கு நேற்றுவரை வேலை செய்ததை இன்றைய மாற்றம் கெடுக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக வற்புறுத்திவரும் விதி.

நேயர்களே, அந்த விதியைக் காப்பாற்றுவதில் நமக்கும் பங்கு உண்டு. பகாவிலோ தம்பினிலோ ஒரு சிறிய பள்ளி அலுவலகத்தில் கண்ட பின்னடைவை, கணினியின் மாதிரி, வன்தட்டின் மாதிரி, இயக்கியின் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, இரண்டிலும் அளந்த வேகம், தேதி என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால், அதைத் திருத்துகிறவருக்கு அதுவே பாதி வேலை. "மெதுவாக இருக்கிறது, சரி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் அவரால் எதுவும் செய்ய இயலாது.

எனவே ஒவ்வொரு கணினிக்கும் பக்கத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் வையுங்கள். கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே வேகத்தை அளந்து முதல் வரியில் எழுதுங்கள். நலமாக இருந்தபோது எவ்வளவு என்று தெரியாவிட்டால், கெட்டபோது எவ்வளவு கெட்டது என்று சொல்ல முடியாது. புதுப்பிப்பு ஏற்றிய நாள், கேபிள் மாற்றிய நாள், மின்தடை வந்த நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். அந்தக் காலத்துக் கிராணிமார்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் செக்ரோல் எழுதினார்கள். அவர்கள் எழுதியதால்தான் இன்று நாம் ஸ்கேன் செய்வதற்கு ஏதோ மிஞ்சியிருக்கிறது.

கடைசியாக ஒரு சொல். நகல் இரண்டு இருக்கட்டும். இரண்டும் ஒரே அறையில் இருக்க வேண்டாம். வெள்ளமோ தீயோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டு போய்விடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பக் கூடாது. எங்கோ ஒரு முதியவர், தாம் பிறந்த தோட்டத்தின் பெயரை எழுதிய ஒரு பக்கத்தைத் தேடி நாளைக்கு உங்கள் பள்ளிக்கு வரக்கூடும். அவர் வரும்போது அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.